துருவத்தில் வடித்த கஞ்சி

அன்று சமையல் கூடாரத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஆராய்ச்சி மாணவி ஹன்னா, உதவிக்கு வந்த நிவி, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். பேராசிரியர் முதல் வாரத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டு சரக்கு விமானத்தில் திரும்பிவிட்டார். நான்காவதாக வந்திருக்க வேண்டிய மாணவன் கடைசி நேரத்தில் வேறு துறைக்கு மாறிக்கொண்டான். அவனுக்காகக் கொண்டுவந்த மடக்குக் கட்டிலில் பேட்டரிகளை அடுக்கி வைத்திருந்தோம்.

சென்ற வாரக் கட்டுரையை, அலாஸ்காவின் வடக்குச் சரிவில் சின்ன விமானம் எங்களை இறக்கிவிட்டுப் பறந்துபோனதோடு நிறுத்தியிருந்தேன். இது, இறங்கியதிலிருந்து ஏழு வாரம் கழித்து நடந்தது.

கூடாரத் துணியின் மேல் கொசுக்கள் மோதிக்கொண்டே இருந்தன. தூறல் விழுவது போலச் சத்தம். என் தட்டில் சோறும் பருப்புப் பொடியும் இருந்தன. ஹன்னா மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பாருங்க."

திரையில் ஆறு கோடுகள். ஐந்து கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி மெல்ல ஏறின. ஆறாவது மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு மேலே போனது.

"மூன்றாம் பிளாக். சூடாக்காத மண்" என்றாள். "சூடாக்கின மண்ணைவிட அதிகமா மூச்சு விடுது. கருவியை மூணு தடவை சரிபார்த்துட்டேன். கருவியில கோளாறு இல்லை."

ஹன்னா ஆங்கிலத்தில்தான் பேசினாள். நான் தமிழில் எழுதுகிறேன். ஆனால் அவள் குரலில் இருந்த நடுக்கத்தை எந்த மொழியில் எழுதுவது என்று தெரியவில்லை. அது பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"மேட்டுப் பக்கத்திலிருந்து ஏதோ இறங்கி வருது. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் போய்த் தேடுங்க. அது என்னன்னு தெரிஞ்சா, என் ஆராய்ச்சியே அதுதான்."

நான் தலையாட்டிவிட்டு அடுத்த வாய் சோற்றை எடுத்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை ஒன்றுமே தோன்றவில்லை.

மண்ணின் மூச்சு

அங்கே நிலம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாசியும் புல்லும் முழங்காலுக்கும் குறைவான புதர்களும்தான். நடந்தால் நனைந்த மெத்தையில் கால் வைப்பது போல அமுங்கும். கோடையில் மேல்மண் மட்டும் ஓர் அடி, ஒன்றரை அடி இளகும். அதற்குக் கீழே, பல ஆயிரம் ஆண்டாக உருகாத உறைமண். ஒரு இரும்புக் கம்பியை உள்ளே குத்தினால் வெண்ணெயில் போவது போலப் போய், சட்டென்று 'டங்' என்று நிற்கும். அந்த 'டங்' வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பது என் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு இடம்.

அங்கே சூரியன் மறையாது. வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். முதல் வாரம் அது வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது வாரத்தில், யாரோ ஒருவர் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பது போல ஆகிவிட்டது. நாள் முடிந்தால்தானே இன்னொரு நாள் கழிந்தது என்று மனசு ஒத்துக்கொள்ளும்?

ஹன்னாவின் கேள்வி எளிமையானது. மண் சூடானால், அதில் புதைந்துகிடக்கும் கார்பன் எவ்வளவு வேகமாகக் காற்றில் கலக்கும்? அதற்காகச் சரிவில் மூன்று இடங்களில் பிளாக் அமைத்திருந்தாள். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு சதுரம். ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் தடுப்பு வைத்து வெயிலைத் தேக்கிச் சூடாக்குவாள். இன்னொன்றை அப்படியே விட்டுவிடுவாள். மண்ணில் பதித்த வளையத்தின் மேல் மூடி போட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, மண் விடும் மூச்சை, அதாவது அதிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிட்டு வெளிவிடும் கரியமில வாயுவை, அளப்பாள். சும்மா விட்ட சதுரம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதை யாரும் தொடக்கூடாது, மிதிக்கக்கூடாது. அதன் பக்கம் போகப் பலகைப் பாதை போட்டிருந்தோம்.

அது அவளுக்கு ஐந்தாவது கோடை. கடைசிக் கோடையும்கூட. மின்னசோட்டாவில் ஒரு ஏரிக்கரை ஊர். அங்கே அவள் அம்மா தனியாக இருந்தார். அந்த ஊர்க் கல்லூரியிலேயே ஜனவரியிலிருந்து வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, ஆய்வேடு முடிந்திருக்க வேண்டும். அந்த வீட்டின் புகைப்படத்தை உறைபோட்டு நோட்டுக்குள் வைத்திருந்தாள். கொட்டும் மழையில் அளவெடுக்கும்போது சில நாள் அதை எடுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மூடியைத் திருகுவாள்.

ஆறு கிலோ அரிசி

விமானத்தில் ஆளுக்கு இவ்வளவு எடை என்று கணக்கு. நான் இரண்டாவது கம்பளிச் சட்டையையும் ஒரு ஜோடி பூட்சையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஆறு கிலோ புழுங்கலரிசி கட்டினேன். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடையில் வாங்கியது. என்னிடம் கார் இல்லை. ஜூன் வெயிலில் அரிசியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர், குழந்தை என்று நினைத்தாரோ என்னவோ, நகர்ந்து இடம் கொடுத்தார்.

நிவி, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் பிறந்த பெண். இரண்டாம் வருட மாணவி. அவள் அப்பா எண்ணெய்க் கம்பெனியில் பெரிய எஞ்சினியர். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் தரையைத் தோண்டி எடுக்கறேன். அதால என்ன ஆச்சுன்னு இவ போய் அளக்கறா. ஒரே வீட்ல ரெண்டு டிபார்ட்மெண்ட்" என்று அங்கிள் சிரித்தார்.

ஆன்ட்டி எனக்கு மூன்று பாட்டில் கொடுத்தார். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கறிவேப்பிலைப் பொடி.

"தம்பி, இவ ரைஸையே தொட மாட்டா. ப்ரோட்டீன் பார் தின்னே உயிர் வாழ்றா. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஏதாவது சாப்பிட வை."

"அம்மா, ஐ கேன் ஹியர் யூ" என்றாள் நிவி மாடிப்படியிலிருந்து.

முகாமில் சாப்பாடு என்பது பொட்டலம். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்தால் நூடுல்ஸோ கோழியோ ஆகிவிடும். எல்லாம் ஒரே ருசி. நான்காம் நாளே எனக்கு வயிறு மறுத்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்து, கால் கிலோ அரிசி போட்டு, ஊரில் அம்மா செய்வது போல நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்தேன். அந்த வாசனை கூடாரத்தில் பரவியபோது, ஆறாயிரம் மைல் தள்ளி இருக்கிறோம் என்பது ஒரு பத்து நிமிடம் மறந்துபோனது. அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் சோறு.

அங்கே ஒரு விதி உண்டு. கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், பல் தேய்த்துத் துப்பியது, எதுவும் தரையில் படக்கூடாது. எல்லாம் நீலப் பீப்பாயில்தான். பீப்பாய் நிறைந்ததும் விமானம் வந்து எடுத்துப் போகும். கரடி மோப்பம் பிடிக்கும் என்பது ஒரு காரணம், மண் கெடும் என்பது இன்னொரு காரணம். பயிற்சி வகுப்பில் அதற்குத் தேர்வே வைத்தார்கள். நான் முழு மதிப்பெண்.

முதல் நாள் கஞ்சியைக் கொண்டுபோய்ப் பீப்பாயின் மூடியைத் திறந்தேன். உள்ளே சோப்பு நுரையும் பற்பசை எச்சிலும் மிதந்தன. அதில் கொஞ்சம் ஊற்றினேன். வெள்ளைக் கஞ்சி அந்த நுரையில் சுற்றிச் சுற்றிக் கலந்தது. மீதியை ஊற்ற முடியவில்லை.

கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் போகும் முன் உப்புப் போட்டு ஒரு சொம்பு குடிப்பேன். அதுதான் மதியம் வரை. மிஞ்சினது பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் அது கழிவு இல்லை, சாப்பாடு. 'கழிவு நீர்' என்று தேர்வில் எழுதியபோது என் மனசில் கஞ்சியே வரவில்லை.

ஆகவே ஒரு டம்ளர் குடித்தேன். மீதியை ஆறவைத்து, சமையல் கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன். அங்கே ஒரு வில்லோ புதர் இருந்தது. என் இடுப்பு உயரம். சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் பெரியது. தெரிந்த முகம் போல இருந்தது. அதன் தூரில் ஊற்றினேன். சூடாக ஊற்றினால் வேர் வெந்துவிடும் என்று ஆறவைத்தேன் பாருங்கள், அந்தப் புத்திக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

போகப் போக அதுவே என் இடமாகிவிட்டது. அந்தப் புதரின் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். ஒருநாள் நிவி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, யுவர் ட்ரீ இஸ் டூயிங் கிரேட். இலையெல்லாம் எவ்ளோ பெருசு."

"ஆமா, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்குல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "யூ ஓகே?" என்று கேட்டாள். ஓகே என்றேன்.

ஆன்ட்டி சொன்னபடி அவளைச் சாப்பிட வைக்க முடியவில்லை. ஆனால் ஹன்னா வந்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஒரு கரண்டி. அப்புறம் ஒரு தட்டு. சோற்றில் வெண்ணெயைப் போட்டு, மேலே பருப்புப் பொடியைத் தூவி, கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். "இன்னைக்குச் சோறு நாளா?" என்று காலையிலேயே கேட்பாள்.

மூன்று முடிச்சு

எனக்கு மண் பிடித்துப்போனதற்குக் காரணம் அப்பா. அவருக்குக் கையெழுத்துப் போட வராது. திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் வேலை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எட்டு மாதம் போய்விடுவார். வரும்போது துளையிலிருந்து வந்த பாறைத் தூளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்று மயில்கழுத்துப் பச்சை. எழுதத் தெரியாததால் நூலில் முடிச்சு. மூன்று முடிச்சு என்றால் முந்நூறு அடி. ஆறு முடிச்சு அறுநூறு.

அந்த எட்டு மாதம் அவர் எப்படி இருந்தார், என்ன தின்றார், யாரோடு பேசினார் என்று நான் கேட்டதே இல்லை. பொட்டலத்தைத்தான் கேட்பேன்.

முகாமில் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் சாட்டிலைட் போன். ஊரில் திங்கள் காலை ஏழரை. நான் வில்லோவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசுவேன். அப்பாவுக்கு ஒரே கேள்விதான்.

"எத்தன அடி கண்ணு?"

"இந்த வாரம் ஒன்னேகாலுங்கப்பா. அதுக்குக் கீழ ஐஸு."

"ஒன்னேகாலா? அதுக்கா அத்தாம் பெரிய தூரம் போன?"

பின்னால் யாரோ சிரிப்பது கேட்கும். டீக்கடையில் நின்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

மேட்டுப் பக்கம்

மறுநாள் நானும் நிவியும் மூன்றாம் பிளாக்கிலிருந்து மேலே ஏறினோம். நான் கம்பியைக் குத்திக்கொண்டே போனேன். அவள் அடையாளக் கொடி நட்டுக்கொண்டே வந்தாள். பத்தடி அகலத்துக்கு ஒரு வரிசை மட்டும் மற்ற இடங்களைவிடப் பச்சையாக இருந்தது. புல் தடித்திருந்தது. அந்தப் பச்சை மேலே மேலே போனது.

முதல் வாரத்தில் நிவிக்கு நான்தான் பாடம் எடுத்தேன். இங்கே ஊற்றுகிற தண்ணீர் கீழே இறங்காது, உறைமண் ஒரு தளம் போட்டது போலத் தடுக்கும், அதன் மேலேயே சரிவு பார்த்துப் பக்கவாட்டில் ஓடும் என்று கையால் காட்டிச் சொன்னேன். அவள் நோட்டில் படம் வரைந்தாள்.

கடைசிக் கொடியை அவள் வில்லோவின் தூரில் நட்டாள். நட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பதினேழு கொடி. ஆரஞ்சு நிறம். வில்லோவிலிருந்து கிளம்பி நேராக ஹன்னாவின் வளையத்துக்குப் போய் நின்றன.

கொசு என் காதோரம் சுற்றியது. விரட்டக் கை எழவில்லை.

"அண்ணா" என்றாள். "கஞ்சி."

அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் குறைவு. அதில் அது ஒன்று.

"தெரியுது" என்றேன்.

"ஹன்னாகிட்ட... டெல் ஹர்."

"சொல்றேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. ஆனா சொல்லுங்க." கையில் மிச்சமிருந்த கொடிகளை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

நான் அன்று சொல்லவில்லை. "மேலே பச்சையாக இருக்கிறது, காரணம் புரியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும்" என்றேன். ஹன்னா பார்க்கும் முன்பே கொடிகளை இரண்டு இரண்டாகப் பிடுங்கிவிட்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். என் சம்பளம், என் விசா, இரண்டுமே பேராசிரியரின் கையெழுத்தில் நின்றன. ஆனால் அது மட்டும் காரணமில்லை. இப்படி ஒரு தப்புச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு ஒரு ஆளும் இல்லை. நிவியாக இருந்தால் கேட்க அவளுக்கு அப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், படித்த அத்தைகள் இருக்கிறார்கள். திட்டுவார்களா, அபராதமா, ஊருக்கே அனுப்பிவிடுவார்களா என்று யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். தப்பின் அளவு எனக்குத் தெரியவில்லை. அளவு தெரியாத பயம் ரொம்பப் பெரியது.

இதற்குள் ஹன்னா பேராசிரியருக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். இரண்டு வரியில் பதில் வந்தது. இது உண்மையானால் ஆய்வேட்டின் மையமே இதுதான், அவசரப்படாதே, ஆனால் விட்டுவிடாதே. ஹன்னா அந்தச் செய்தியை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். நிவி எழுந்து வெளியே போனாள்.

நான் சோறு ஆக்குவதை நிறுத்தினேன்.

"இன்னைக்குச் சோறு நாள்தானே?" என்று ஹன்னா கேட்டாள்.

"அரிசி கொஞ்சம்தான் இருக்கு."

"அப்போ மிச்சம் வைப்போம். கடைசி நாள் கொண்டாடலாம்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

கூடாரத்தில் மூன்று பேர் இருந்தும் அந்த நான்கு நாள் நான் ஒருவன்தான் இருந்தேன். வில்லோவின் பக்கமும் போகவில்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அது மட்டும் பளபளவென்று நின்றது.

ஞாயிறு வந்தது. போனை எடுத்துக்கொண்டு விமானம் இறங்கும் சரளை மேட்டுக்குப் போனேன். அன்று அம்மா எடுத்தார்.

"சோறு ஆக்கித் திங்கறயா சாமி?"

"திங்கறனுங்கம்மா."

"வடிச்ச கஞ்சியக் கீழ ஊத்திராத. உப்புப் போட்டுக் குடி. குளுருக்கு நல்லது."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? கஞ்சி ஊற்றியதால் ஒரு பெண்ணின் ஐந்து வருடப் படிப்பு கெட்டது என்றால், அம்மாவுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து புரியும்? கஞ்சி எதையாவது கெடுக்குமா என்பார். போனை அப்பா வாங்கினார்.

"எத்தன அடி?"

"ஒன்னரைங்கப்பா."

"செரி. உடம்பப் பாத்துக்க." அப்புறம் சற்று நிறுத்தி, "குரலு என்ன ஒரு மாதிரி இருக்குது?" என்றார்.

"காத்துங்கப்பா. காத்து அடிக்குது."

"ம்" என்றார். எட்டு மாதம் கழித்து வந்த ஒவ்வொரு முறையும் அவரும் இப்படித்தான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். வைத்துவிட்டேன். இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது.

அளவுக் குடுவை

திரும்பி வந்தபோது ஹன்னா மூன்றாம் பிளாக்கில் முழங்காலிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பலகைப் பாதையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த மண்ணு மூச்சு விடறது என்னால" என்றேன். "சோறு வடிச்ச தண்ணியை மேல வில்லோவுக்கு ஊத்தினேன். அது இங்க வந்திருக்கு. நாலு நாளா எனக்குத் தெரியும்."

அவள் கை நின்றது. இரண்டு நிமிட அளவு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து கருவி 'பீப்' என்று சொல்லும் வரை அவள் அசையவில்லை. முடிந்ததும் எண்ணை நோட்டில் எழுதினாள். பழக்கம். அப்புறம் பேனாவை மூடினாள்.

"பீப்பாயில ஏன் ஊத்தல?"

"அது சாப்பாடு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து சரளை மேட்டுப் பக்கம் நடந்துபோனாள். அவ்வளவு பெரிய நிலத்தில் ஒருத்தி நடந்து போவது ரொம்ப நேரம் தெரியும். மறைய ஒன்றுமே இல்லை. சிவப்புச் சட்டை சின்னதாகி, புள்ளியாகி, அங்கேயே நின்றது.

நிவி தேநீர் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் ஒரு கோப்பையைக் கொடுத்தாள். "குட்" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஹன்னா திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"எத்தனை தடவை?"

எண்ணினேன். சோறு ஆக்கிய நாளெல்லாம் மனப்பாடமாக இருந்தது. வேறென்ன இருந்தது அங்கே நினைவு வைக்க? "இருபத்து மூணு."

"ஒவ்வொரு தடவையும் எவ்வளவு?"

"தெரியல."

"அரிசி மிச்சம் இருக்கா?"

"ஒரு தடவைக்கு இருக்கு."

"ஆக்கு" என்றாள்.

ஆக்கினேன். அதே பாத்திரம், அதே தண்ணீர், அதே கால் கிலோ. வடித்த கஞ்சியை ஹன்னா ஆய்வுக்கான கண்ணாடி அளவுக் குடுவையில் ஊற்றினாள். நிவி குனிந்து கோட்டை வாசித்தாள். "ஒன் பாயிண்ட் த்ரீ ஃபைவ் லிட்டர்ஸ்." ஒவ்வொரு தடவையும் நான் குடித்ததைக் கழிக்க, என் டம்ளரை வாங்கி அதையும் அளந்தாள். இருநூறு மில்லி. ஒரு சின்னப் புட்டியில் கஞ்சியை நிரப்பி, மூடி, மேலே சீட்டு ஒட்டினாள். அதில் எவ்வளவு கார்பன், எவ்வளவு நைட்ரஜன் என்று ஹூஸ்டனில் பார்க்க வேண்டுமாம். ஊரில் அம்மா கையால் சொம்பில் வாங்கிக் குடித்தது, ஆய்வு மாதிரியாகக் குளிர்பெட்டிக்குள் போனது.

"இதை வச்சு அந்தப் பிளாக்கைக் காப்பாத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது. ஆனா ஏன் போச்சுன்னு எழுத முடியும்."

சோறு நடுவில் ஆவி பறக்க இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு ஹன்னா தட்டை இழுத்தாள். வெண்ணெய் போட்டாள், பொடியைத் தூவினாள்.

"பாதி நான் தின்னதுதானே" என்றாள். "நீ மட்டும் செஞ்சேன்னு எழுதினா அது தப்பான தகவல்."

நிவி அன்று முதன்முதலாகச் சோறு கேட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். ஆன்ட்டியிடம் இதைச் சொல்ல இன்றுவரை வாய்ப்பு அமையவில்லை.

பேராசிரியர் என்னை அனுப்பிவிடவில்லை. விதிகளை மறுபடி படித்துக் கையெழுத்திடச் சொன்னார். அவ்வளவுதான் என் தண்டனை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹன்னாவுக்கு இரண்டு பிளாக் போதவில்லை. ஆய்வுக்குழு இன்னொரு கோடை கேட்டது. ஏரிக்கரைக் கல்லூரி ஜனவரியில் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. அடுத்த ஜூனில் அவள் மறுபடியும் அந்தச் சரளை மேட்டில் இறங்கினாள். நான் உடன் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள், அன்பாகத்தான்.

அதற்கும் ஒரு வருடம் கழித்து அவள் ஆய்வேடு வெளிவந்தது. நூலகத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். பின்னிணைப்பில் ஒரு அட்டவணை. அதன் கீழே, சிறிய எழுத்தில், மூன்றாம் பிளாக் விலக்கப்பட்டதற்கான காரணம். என் பெயர் இல்லை. 'முகாமில் இருந்தவர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இருபத்து மூன்று முறை. அரிசிக் கஞ்சி. மொத்தம் இருபத்தாறு லிட்டர் நானூற்று ஐம்பது மில்லி.